பிரிட்டிஷ் ஆல்டர்னேட்டிவ் பாப் பாடல் வரிகள் ஏன் இவ்வளவு கசப்பாக இருக்கின்றன? தொடர்ந்து கேட்டால் மனச்சோர்வு வருமா?

"எப்பப் பார்த்தாலும் அழுமூஞ்சிப் பாட்டுதானா?" என்று வீட்டில் யாரோ உங்களைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கும் அந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று.

2000-களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கால் சென்டரில் நைட் ஷிப்ட் பார்த்தேன். வட இங்கிலாந்து உச்சரிப்பு எங்கள் காதில் ஏறட்டும் என்று பயிற்சியாளர் பியூட்டிஃபுல் சவுத் என்ற இங்கிலாந்துக் குழுவின் சிடியைப் போட்டார். வழக்கமான பாப் பாணியிலிருந்து கொஞ்சம் விலகிப் போகும் இந்த மாதிரிப் பாட்டுதான் ஆல்டர்னேட்டிவ் பாப். அதில் 'சாங் ஃபார் ஹூஎவர்' என்று ஒரு பாட்டு. 1989-இல் வெளியாகி பிரிட்டன் ஹிட் பாடல் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. மெட்டு அப்படியே கல்யாண ரிசப்ஷனில் போடலாம். பெண்கள் பெயரை வரிசையாகச் சொல்லி ஒருவன் உருகுகிறான். கவனித்துக் கேட்டால்தான் தெரியும், ஆசாமி காதலிப்பதே பாட்டெழுதிக் காசு பார்க்கத்தான்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீம் லீடரோ 'நெகட்டிவ்' என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டார். நடுராத்திரியில் கடன் பாக்கி கேட்டு வெள்ளைக்காரரிடம் திட்டு வாங்குவது மட்டும் பாசிட்டிவ் போலிருக்கிறது.

சரி, ஏன் கசப்பு? பியூட்டிஃபுல் சவுத் உருவான ஹல், வட இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகம். 70-களில் ஐஸ்லாந்தோடு நடந்த மீன்பிடித் தகராறுக்குப் பிறகு அங்கே ஆழ்கடல் தொழில் படுத்துவிட்டது. 1982-இல், பிரதமர் தாட்சர் ஆட்சியில், பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். 1984-இல் மான்செஸ்டரின் ஸ்மித்ஸ் குழு பாடியது வேலை தேடி அலைந்து, கிடைத்ததும் அதனாலேயே நொந்துபோனவனை. எனக்கு அது அச்சு அசலாக என் கதை.

ஜாய் டிவிஷன் என்ற இன்னொரு இங்கிலாந்துக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980-இல் தற்கொலை செய்துகொண்டதை எடுத்துக்கொண்டு இப்போது யாராவது வருவார்கள். அவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது, மணவாழ்க்கையிலும் சிக்கல். பழியைப் பாட்டின் மேல் போடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, மனசு நிஜமாகவே சரியில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பாட்டுகளில் அழுகையைவிட நக்கல்தான் அதிகம். பியூட்டிஃபுல் சவுத் 2007-இல் பிரிந்தபோது, பிரியும் குழுக்கள் எல்லாம் சொல்லும் 'இசைக் கருத்து வேறுபாடு' என்பதைத் திருப்பிப் போட்டு, 'இசை ஒற்றுமை'யால் பிரிகிறோம் என்று அறிவித்தார்கள். இவர்களா அழுமூஞ்சிகள்?

என்னைச் சோர்வடைய வைத்தது அந்த ஆபீஸ்தான். கேப் வராத நாட்களில் ஆட்டோவில் போன காசைக் கடைசிவரை தரவில்லை. பில் வேண்டுமாம். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆட்டோக்காரர் பில் கொடுப்பார், சொல்லுங்கள்!