லீவு நாள்ல பிள்ளைங்கள எங்க கூட்டிட்டு போறது? – வாசகர் கேள்வி பதில்

ஜூன் லீவு 4 வாரம் வருதுன்னாலே நம்ம பகுதிக்கு வர்ற கேள்வியில பாதி இதுதான், சிங்கப்பூர்ல பிள்ளைங்கள எங்க கூட்டிட்டு போறதுன்னு. 20 வருஷத்துக்கு மேல பாலர் பள்ளியில வேலை பாத்தவ, ரெண்டு பிள்ளைய இங்கயே வளத்தவ, அதனால நானே போய் பாத்த இடத்த மட்டும்தான் சொல்றேன்.

கேள்வி (வாசகி, யீஷூன்): அக்கா, நாங்க திருச்சிலேர்ந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. அவருக்கு சனிக்கிழமையும் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்குது. பெரியவளுக்கு 8, சின்னவனுக்கு 4. எங்க கிளம்புனாலும் கடைசில மால்ல போய்தான் முடியுது, வீட்டுக்கு வர்றப்ப 70, 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) காலி, பிள்ளைங்களும் அழுதுகிட்டேதான் வருதுங்க. சின்ன நாடுதானே, எல்லாம் பாத்தாச்சுன்னு அவரு சொல்றாரு. காசு ரொம்ப ஆகாம வேற எங்க போறது?

பதில்: தங்கச்சி, மால்ல உங்க பிள்ளைங்க ஏன் அழுதுங்கன்னு ஒரு நிமிஷம் அதுங்க உயரத்துலேர்ந்து பாருங்க, எல்லாமே கண்ணுக்கு முன்னாடி பளபளன்னு இருக்கு, ஆனா எதையும் தொடக்கூடாது எடுக்கக்கூடாது ஓடக்கூடாது, 4 வயசு பையன் எவ்ளோ நேரம்தான் தாங்குவான். அவனுக்கு தேவை மண்ணு, தண்ணி, ஏறுறதுக்கு ஒரு இடம். அது மூணும் இந்த ஊர்ல காசில்லாம கிடைக்குது.

முதல்ல பொட்டானிக் கார்டன்ஸ்ல இருக்குற ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்கு போங்க. பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்துல இறங்குனா கிட்டதான். 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குன்னே கட்டுன தோட்டம், கூட பிள்ளை இல்லன்னா பெரியவங்கள உள்ளயே விட மாட்டாங்க, அதனாலயே கூட்டம் நெரிசல் இல்லாம இருக்கும். தண்ணி விளையாட்டு, மணல், மரவீடு, தொங்கு பாலம் எல்லாம் இருக்கு, டிக்கெட் கிடையாது. திங்கக்கிழமை லீவு. காலைல 8 மணிக்கு திறப்பாங்க, நீங்க 8 மணிக்கே அங்க நிக்கணும், ஏன்னா 11 மணிக்கு மேல இந்த ஊரு வெயில்ல யாருக்குமே பொறுமை இருக்காது. மாத்துத்துணி ரெண்டு செட், ஒரு டவல், வீட்டுல செஞ்ச புளிசாதம், அவ்ளோதான் பை.

ஒரு விஷயம் மட்டும் கேளுங்க, அடுத்த வாரமும் அங்கேயே போங்க. அதுக்கு அடுத்த வாரமும். "எல்லாம் பாத்தாச்சு"ன்னு சொல்றது பெரியவங்க கணக்கு. முதல் தடவை போற பிள்ளை அம்மா கைய புடிச்சிட்டே சுத்தும், மூணாவது தடவைதான் கைய விட்டுட்டு "இது என் இடம்"னு ஓடும், அது வரைக்கும் நாம பொறுமையா இருக்கறதே இல்ல, அதுக்குள்ள லிஸ்ட்ல இருக்குற அடுத்த இடத்துக்கு இழுத்துட்டு போயிடறோம்.

சாயங்காலமா கிளம்புற நாள்னா மரீனா பராஜ் அணைக்கட்டு. மேல்கூரை முழுக்க புல்லு, அங்க காத்தாடி விடலாம். உங்க மகளுக்கு 8 வயசு, அவள தண்ணி பக்கம் கூட்டிட்டு போயி காட்டுங்க, 9 பெரிய இரும்பு கதவு வரிசையா இருக்கும். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் இருக்கறது நாம குடிக்கிற தண்ணி, முன்னாடி இதுவும் கடலாத்தான் இருந்துச்சு, 2008ல இந்த அணைய கட்டுனப்புறம் உப்பு போயி நல்ல தண்ணியா மாறிச்சு. பெருமழை பேஞ்சா கதவ இறக்கி தண்ணிய கடல்ல விடுவாங்க, அந்த நேரம் கடல் மட்டம் ஏறி இருந்தா பம்ப் வச்சு வெளியேத்துவாங்க. இத நான் என் மகளுக்கு சொன்னப்ப, "கதவ சாத்த மறந்துட்டா என்னம்மா ஆகும்?"னு வீடு வர்ற வரைக்கும் கேட்டுட்டே வந்தா.

பஸ், எம்ஆர்டி செலவ நினைச்சு யோசிக்காதீங்க, 7 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு இலவசம், 90 சென்டிமீட்டருக்கு மேல வளந்திருந்தா அதுக்குன்னு ஒரு சலுகை அட்டை வாங்கிக்கணும். சின்னவனுக்கு இன்னும் வாங்கலன்னா உடனே வாங்கிடுங்க.

அப்புறம் என் மனசுக்கு ரொம்ப பிடிச்ச இடம், சுங்கை புலோ சதுப்பு நிலக் காடு. கிராஞ்சி எம்ஆர்டில இறங்கி 925 பஸ். இதுவும் இலவசம்தான். சுங்கைன்னா மலாய்ல ஆறு, புலோன்னா மூங்கில். செப்டம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வடக்க குளுருக்கு தப்பிச்சு வர்ற பறவைங்க இங்க வந்து தங்கும், ஆனா நாலு வயசு பிள்ளைக்கு பறவை தூரம், கண்ணுல புடிபடாது. கடல் வத்துற நேரமா பாத்து போங்க, மரப்பாலத்துக்கு கீழ சேத்துல தாவுற மீன் இருக்கும், மட்ஸ்கிப்பர்னு சொல்லுவாங்க. மீன்தான், ஆனா தண்ணிக்கு வெளிய, முன் துடுப்ப கையாட்டம் ஊனிகிட்டு நகரும். என் மகன் அஞ்சு வயசுல அந்தப் பாலத்துல குப்புற படுத்துட்டு முக்கா மணி நேரம் எழுந்திருக்கல. திடீர்னு "அம்மா, அது கண்ணு உள்ள போயிட்டு வெளிய வருது"ன்னான். எனக்கு அப்ப அது தெரியாது, அப்புறம் படிச்சுதான் தெரிஞ்சுகிட்டேன், கண்ணு காஞ்சு போகாம இருக்க குழிக்குள்ள இழுத்து ஈரமாக்கி திரும்ப வெளிய விடுமாம். வயசானவங்க நாலு பேரு எங்கள தாண்டி போனாங்க, அவங்களும் நின்னு குனிஞ்சு பாத்தாங்க. முக்கியமா ஒண்ணு, அங்க முதலை உண்டு, உடும்பும் உண்டு, அதனால பாதைய விட்டு இறங்கவே கூடாது, சின்னவன் கைய விடாதீங்க.

கேள்வி (வாசகர், மதுரையிலிருந்து வந்து அங் மோ கியோவில் மகள் வீட்டில் தங்கியிருப்பவர்): வணக்கம்மா. எனக்கு 68 வயசு, முழங்கால் வலி. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு போயிட்டா பேரன் என்னோடதான், 5 வயசு. வீட்டுக்குள்ளயே அடஞ்சு கிடக்கோம். எனக்கு வழி தெரியாத ஊரு, ஓடியாடவும் முடியாது. பேரனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: ஐயா, உங்க கேள்விய படிச்சதும் எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு, அவரும் இப்படித்தான் மூணு மாசம் இங்க வந்து என் பிள்ளைங்கள பாத்துகிட்டாரு.

உங்க வீட்டுக்கு பக்கத்துலயே பீஷான் – அங் மோ கியோ பார்க் இருக்கு. ஒரு காலத்துல அங்க காலாங் ஆறு சிமெண்ட் வாய்க்காலாத்தான் ஓடிச்சு, அத இடிச்சுட்டு மண்ணும் கல்லும் புல்லுமா வளைஞ்சு வளைஞ்சு போற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க. தரை சமமா இருக்கும், உக்காற பெஞ்சு நிறைய. காலைல சீக்கிரமோ, வெயில் தாழ்ந்த பிறகோ போனீங்கன்னா நீர்நாய் குடும்பம் மீன் புடிக்கறத பாக்க வாய்ப்பு இருக்கு. அதுங்க கிட்ட போகாம, எதுவும் சாப்பிட போடாம, எட்டி நின்னு பாருங்க, குட்டி இருந்தா தாய் சீறும். மழை தூறுனாலே ஆத்தோரத்த விட்டு மேல ஏறிடணும், தண்ணி மளமளன்னு ஏறும், அதுக்கு எச்சரிக்கை ஒலியும் விளக்கும் வச்சிருக்காங்க.

இன்னொண்ணு, மாடி பஸ். கூட்டம் குறைஞ்ச நேரத்துல, பஸ் நிக்கறப்பவே மெதுவா ஏறி மேல முன்னாடி சீட்டு ரெண்டையும் புடிச்சுகிட்டீங்கன்னா பேரனுக்கு அதுதான் விமானம். கடைசி நிறுத்தம் வரைக்கும் போயி அதே நம்பர்லயே திரும்பி வந்துடுங்க, வழி தப்பாது. படி ஏற முழங்கால் இடம் கொடுக்கலன்னா கீழயே ஜன்னலோரம் உக்காருங்க, அதுவும் போதும்.

வாரத்துல ஒரு நாள் லிட்டில் இந்தியாவுல இருக்குற தேக்கா ஈரச்சந்தை, மீனு காய்கறி விக்கிற இடம். மகள்கிட்ட வழி கேட்டு வச்சுக்குங்க. இங்க நான் ஓடியாட முடியாதவன்னு நீங்க நினைக்கவே வேணாம், அந்த சந்தையில உங்களவிட பெரிய வாத்தியார் இல்ல. வஞ்சிரம் எது வௌவால் எது, முருங்கைக்கீரை எது அகத்தி எது, நல்ல தேங்காய தட்டி எப்படி பாக்கறதுன்னு இங்க பிறந்து வளர்ற பிள்ளைக்கு யாரு சொல்லித் தருவாங்க? எங்கப்பா என் மகன்கிட்ட ஒரு தேங்காய கொடுத்து காதுகிட்ட வச்சு ஆட்டச் சொன்னாரு, உள்ள தண்ணி சத்தம் கேட்டதும் அவன் மூஞ்சி மலந்ததே, அவனுக்கு இப்ப 19 வயசு, இன்னைக்கும் தேங்காய் வாங்கப் போனா காதுலதான் வைக்கிறான். சந்தை முடிஞ்சா அங்கயே ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு கிளம்பிடுங்க, அதுக்கு மேல அலைய வேணாம்.

கேள்வி (வாசகர், தெம்பனீஸ்): என் மகனுக்கு 11 வயசு. எங்க கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறான், வந்தாலும் போன்தான். பார்க்னு சொன்னாலே சின்னப் பிள்ளைங்க இடம்ங்கிறான். என்ன பண்றது?

பதில்: தம்பி, அவன் சொல்றது நியாயம்தான், 11 வயசுல ஊஞ்சல் போதாது. அவனுக்கு கொஞ்சம் பொறுப்பும் கொஞ்சம் பயமும் கலந்த இடம் வேணும். உபின் தீவுக்கு கூட்டிட்டு போங்க, தெம்பனீஸ்லேர்ந்து சாங்கி வில்லேஜ் பக்கம்தானே.

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில டிக்கெட், டைம்டேபிள் எதுவும் கிடையாது, 12 பேரு சேந்தா படகு கிளம்பும், ஒரு வழிக்கு தலைக்கு 4 வெள்ளி, காசா கையில வச்சுக்குங்க. பத்து நிமிஷத்துல அக்கரை. எறங்குனதுமே சைக்கிள் வாடகைக்கு கிடைக்கும். பிரேக்க புடிச்சுப் பாத்து, சீட்டு உயரத்த சரி பண்ணி அவனே தேர்ந்தெடுக்கட்டும், நீங்க வாயத் திறக்காதீங்க. மேப்பையும் அவன் கையிலயே கொடுத்துடுங்க. வழி மாறிப் போனா போகட்டும், சின்ன தீவு, எங்கயாச்சும் சேந்துடும்.

தீவுல செக் ஜாவாங்கிற சதுப்பு நிலம் வரைக்கும் போங்க, வாசல்லயே சைக்கிள விட்டுட்டு நடந்துதான் உள்ள போகணும். கடலுக்கு மேல நடைபாதை, 20 மீட்டர் உயரத்துல ஒரு கோபுரம். தண்ணி வத்துன நேரம்னா ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவு பெருசா இருக்குற ஆண் நண்டுங்க கூட்டம் கூட்டமா அத ஆட்டிகிட்டு இருக்கும். 2001ல இந்த இடத்தையே மண்ணு கொட்டி மூடுறதா இருந்துச்சு, மக்கள் வந்து பாத்து, எழுதி, கேட்டு, அந்தத் திட்டத்த தள்ளி வச்சாங்க. அத அவன்கிட்ட சொல்லுங்க. மலேசியாவுல இருக்குற ஜோகூருக்கு கடல தாண்டி போற காஸ்வே ரோடு கட்டுறதுக்கு கருங்கல்லு இந்த தீவுலேர்ந்தும் போச்சுன்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் போறப்பல்லாம் ஞாபகம் வரும்.

பிளாஸ்டிக் பைய கையில தொங்கவிடாதீங்க, குரங்கு பாஞ்சுடும். காட்டுப்பன்னி வந்தா ஓடாம மெதுவா விலகிடுங்க. போன அவன்கிட்டேர்ந்து பிடுங்க வேணாம், படம் எடுக்கட்டும். மேட்டுல சைக்கிள் ஏத்தும்போது ரெண்டு கையும் வேணும், போன் தன்னால பைக்குள்ள போயிடும்.

கேள்வி (வாசகி, செங்காங்): கிளம்புற நேரத்துல மழை வந்துடுது. அப்ப என்ன செய்யறது? அப்புறம் விலங்குத் தோட்டம், சென்டோசா இதுக்கெல்லாம் காசு கொடுத்து போறது தகுமா?

பதில்: மழைக்கு நூலகம்தான், வேற யோசனையே வேணாம். உங்க பக்கம் 2023ல திறந்த பொங்கோல் வட்டார நூலகம் இருக்கு. உள்ள உக்காந்து படிக்க யாருக்கும் காசு கிடையாது. தமிழ் சிறுவர் புத்தகம் அலமாரி எங்கன்னு முதல் நாளே பிள்ளைக்கு காட்டிடுங்க, நாலு புத்தகம் நீங்களே சத்தமா படிச்சுக் காட்டுங்க, வெக்கப்படாதீங்க. கோல்மன் ஸ்திரீட்ல சிறுவர் அரும்பொருளகம் ஒண்ணும் 2022 கடைசில திறந்தாங்க, சிங்கப்பூரர், நிரந்தரவாசிக்கு இலவசம், முன்கூட்டியே பதிவு பண்ணணும். இடி சத்தம் கேட்டா மட்டும் பூங்கா, நீச்சல்குளம், கடற்கரை எதுவா இருந்தாலும் உடனே கட்டடத்துக்குள்ள வந்துடுங்க, இங்க மின்னல் விளையாட்டு இல்ல.

விலங்குத் தோட்டம் வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா தகும், திறக்குற நேரத்துக்கே போயி, நாலே விலங்கு பாத்தா போதும்னு முடிவு பண்ணிட்டு போங்க. சென்டோசாவுக்கு பாதைவழியா நடந்து போனா நுழைவுக் கட்டணமே கிடையாது, கடற்கரை போதும், மத்தது பிள்ளைங்க வளரட்டும்.

கேள்வி (வாசகி, தோ பாயோ): எங்க மகளுக்கு 3 வயசு. எங்க கூட்டிட்டு போனாலும் பழைய டிராகன் விளையாட்டு இடத்துக்கே போகணும்னு அடம். வேற எதுவும் காட்டாம வளக்கறனோன்னு மனசு உறுத்துது.

பதில்: உறுத்தவே வேணாம்மா. லோரோங் 6ல இருக்குற அந்த டிராகன 1979ல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டுச்சு, நானே அதுல ஏறி இறங்கி முட்டிய தேச்சவதான். சுத்தியிருந்த பழைய புளோக்ல ஆளுங்க காலி பண்ணிப் போன பிறகும் டிராகன மட்டும் விட்டு வச்சிருக்காங்க, கீழ ரப்பர் தரை போடாம இன்னும் மணலே இருக்கு. மூணு வயசு பிள்ளை கைக்கு மணலவிட பெரிய பொம்மை கிடையாது. ஒரு சின்ன வாளி, பழைய அகப்பை, கை கழுவ ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு போங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலைலயே போங்க, வெயில் பட்டா சறுக்கு சுடும், உக்கார வைக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கைய வச்சுப் பாத்துக்குங்க.