சிரோசிஸ் வந்தால் பருப்பும் முட்டையும் கூடாதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய், அதில் என்ன சாப்பிடலாம் என்று வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான் தெரிகிறது. புரதம் சாப்பிட்டால் ரத்தத்தில் அமோனியா என்ற கழிவு ஏறும், அமோனியா ஏறினால் மூளை குழம்பும் என்ற பயம். அதனால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்குச் சிரோசிஸ். போன மாதம் சம்பந்தமில்லாமல் பேசினார், ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சரியானது. அன்றிலிருந்து பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே டாக்டர்?

சரியில்லை. நிறுத்தியதைத் திரும்பக் கொடுக்க ஆரம்பியுங்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே புரதத்தைக் குறைக்கச் சொன்னார்கள், அதனால் உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் 2004இல் ஸ்பெயினில் இதே மாதிரி குழப்பத்தோடு வந்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புரதத்தைக் குறைத்தும் இன்னொரு பிரிவுக்கு முதல் நாளிலிருந்தே முழு அளவில் கொடுத்தும் பார்த்தார்கள். குழப்பம் தெளிவதில் வித்தியாசம் இல்லை, குறைத்துக் கொடுத்தவர்களுக்கு உடம்பிலிருந்த புரதம் கரைந்ததுதான் அதிகம்.

காரணம் இதுதான். அமோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் வேலை. அது முடியாமல் போகும்போது அந்தச் சுமையில் கணிசமான பங்கைத் தசைகள் ஏற்று, அமோனியாவை குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தோடு (புரதத்தின் அடிப்படைத் துண்டுகளில் ஒன்று) சேர்த்து குளூட்டமினாக்கி வைக்கின்றன. சாப்பாட்டில் புரதம் குறைந்தால் உடம்பு தன் தசையையே உடைத்துத் தின்னும், தசை கரையக் கரைய அமோனியாவைப் பிடிக்க ஆளில்லாமல் போகும், அப்புறம் எந்தக் குழப்பத்துக்குப் பயந்து பருப்பை நிறுத்தினீர்களோ அதே குழப்பம்தான் திரும்ப வரும். அப்பாவின் நெற்றிப்பொட்டுப் பக்கம் குழி விழுந்திருக்கிறதா, தொடை மெலிந்திருக்கிறதா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இல்லாத பல விஷயம் அதில் தெரிந்துவிடும்.

ஒரே வேளையில் கொட்டாமல் நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். பால், தயிர், பயறு, பருப்பு வகைகளை இந்த நோயாளிகளின் உடம்பு இறைச்சியைவிட நன்றாக ஏற்றுக்கொள்கிறது. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் தினமும் இரண்டு மூன்று முறை இளகலாக மலம் போகிற அளவுக்குக் கொடுக்க வேண்டும், மலச்சிக்கல் வர விடக்கூடாது. திரும்பவும் பேச்சு தடுமாறினாலோ, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தாலோ உடனே காட்டுங்கள்.

(அமோனியாவை யூரியாவாக்கும் வேலையிலேயே (யூரியா சுழற்சி) பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் புரதக் கட்டுப்பாடுதான் சிகிச்சை.)

கேள்வி: அப்படியானால் எவ்வளவு? எடை 72 கிலோ, ஆனால் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது.

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். நீரின் எடையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். வயிற்று நீர் கொஞ்சமாக இருந்தால் 5 சதவீதம், நடுத்தரம் என்றால் 10, அதிகம் என்றால் 15, கால் வீக்கமும் இருந்தால் இன்னும் 5 என்று தோராயமாகக் கழிப்பது வழக்கம். உங்களுக்கு நடுத்தர நீரும் கால் வீக்கமும் என்று வைத்துக்கொண்டால் உண்மையான எடை ஏறக்குறைய 61 கிலோ, புரதம் 73 முதல் 92 கிராம். நீர் ஏறி எடை அப்படியே நிற்பதைப் பார்த்து உடம்பு தேறுகிறது என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி: அம்மா ரத்த வாந்தி எடுத்த மறுநாளே குழம்பிப் போனார். சுத்த சைவம், புரதமே அதிகம் சாப்பிடவில்லையே?

குடலுக்குள் இறங்கிய ரத்தமே பெரிய புரதச் சாப்பாடு. ஒரு லிட்டர் ரத்தத்தில் 100 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அதுவும் மோசமான புரதம், ஏனென்றால் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் இல்லை. ஒரே ஒரு அத்தியாவசிய அமினோ அமிலம் குறைந்தாலும் உடம்பால் மற்றவற்றை வைத்துப் புதுப் புரதம் கட்ட முடியாது, மிஞ்சியதெல்லாம் உடைந்து அமோனியாவாகும். போதாததற்கு ஹீமோகுளோபினில் லூசின் ஏராளம், அது இருக்கிற ஐசோலூசினையும் வேகமாக எரிக்க வைக்கும். ரத்தக் கசிவை நிறுத்தி, குடலைச் சுத்தம் செய்வதுதான் வைத்தியம். அம்மாவின் சாப்பாட்டில் தப்பே இல்லை.

கேள்வி: பிசிஏஏ பவுடர் வாங்கலாமா?

லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள், சுருக்கமாக பிசிஏஏ. இவற்றைத் தசை எரிக்கிறது. பினைல்அலனின், டைரோசின் போன்றவற்றைக் கல்லீரல் எரிக்கிறது. கல்லீரல் சோர்ந்தால் இரண்டாவது வகை ரத்தத்தில் தேங்கும், முதல் வகை அமோனியாவைப் பிடிக்கும் வேலையில் செலவாகிக் குறையும். முதல் வகைக்கும் இரண்டாவது வகைக்கும் உள்ள விகிதம் ஆரோக்கியமானவரிடம் மூன்றுக்கு மேல் இருக்கும், அது பாதிக்கும் கீழே இறங்குவதுண்டு. இந்தக் கணக்கை முன்வைத்தவர் ஃபிஷர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், 1970களில். மூளைக் குழப்பம் உள்ளவர்களுக்கு இந்தப் பவுடர் உதவுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு இல்லை. என் கருத்தைக் கேட்டால், முதலில் சாப்பாட்டுப் புரதத்தை முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, டாக்டர் சொல்லும் அளவில் பவுடர். கசக்கும், அதனால் பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய.

கேள்வி: இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை ஒன்பதுக்குத்தான் அடுத்த வேளை. பரவாயில்லையா?

இந்தப் பழக்கத்தை இன்றைக்கே மாற்றுங்கள். நல்ல கல்லீரலில் இரவைத் தாண்டும் அளவுக்கு கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கும், சிரோசிஸில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் உடம்பு தசையின் அமினோ அமிலங்களிலிருந்து சர்க்கரை தயாரிக்கும். ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகுமோ அது இவர்களுக்கு ஒரே இரவில் ஆகிறது. படுக்கும் முன் 50 கிராம் அளவு மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும், எழுந்தவுடன் ஏதாவது ஒன்றும் சாப்பிடுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால் என்ன சாப்பிடுவது என்பதை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள், ஆனால் அதற்காக வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள்.

கேள்வி: ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 2.4தான். தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு கொடுத்தால் ஏறுமா?

முட்டையில் உள்ள ஆல்புமின் நேராக ரத்தத்துக்குப் போகாது. செரித்து அமினோ அமிலங்களாகிப் போகும், அதிலிருந்து ஆல்புமினைச் செய்வது கல்லீரல். அதனால் நோய் முற்றினாலும் உடம்பில் அழற்சி இருந்தாலும் எண் தாழ்ந்தே இருக்கும். ரத்தத்தில் ஆல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள், எனவே வாராவாரம் பரிசோதித்துப் பார்த்து மனம் தளர வேண்டாம். முட்டை கொடுங்கள், தசைக்காக.