ஓரியோல்ஸ் பையன்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2022இல் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் நானும் என் மகனும் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தோம். அட்லி ரட்ச்மன், கன்னர் ஹெண்டர்சன், ஜாக்சன் ஹாலிடே என்று நீங்கள் சொன்ன பெயர்களெல்லாம் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி ஆகிவிட்டன. 2023இல் 101 வெற்றி. நம் காலம் வந்துவிட்டது என்று நினைத்தோம். 2025இல் 75 வெற்றி, 87 தோல்வி, பிரிவில் கடைசி இடம். ரட்ச்மனின் பேட்டிங் சராசரி .220, அதாவது நூறு தடவைக்கு 22 ஹிட். ஹாலிடே சுமார். கெர்ஸ்டாட் இருக்கும் இடமே தெரியவில்லை. கைல் ஸ்டவர்ஸை மயாமி அணிக்குக் கொடுத்தோம், அவர் அங்கே போய் லீக்கின் சிறந்தவர்களில் ஒருவராக ஆல் ஸ்டார் ஆகிவிட்டார். ரட்ச்மனையும் கொடுத்துவிட்டு பந்து வீசும் நல்ல பிட்சர் ஒருவரை வாங்க வேண்டும் என்கிறான் மகன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இந்தப் பையன்களை நம்பி ஏமாந்துவிட்டோமா?

கே., கொலம்பியா, மேரிலாந்து

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் நியாயமானது. அது போய்ச் சேர்ந்திருக்கும் இடம்தான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

2018இல் இந்த அணி 115 ஆட்டங்கள் தோற்றது. 2019இல் 108. 2021இல் 110, அதிலும் ஆகஸ்ட் மாதத்தில் தொடர்ந்து 19 தோல்வி. மோசமாகத் தோற்கும் அணிக்கு, புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் அடுத்த டிராஃப்டில் முன்வரிசை இடம் கிடைக்கும். அப்போது பொது மேலாளராக இருந்த மைக் எலையஸ் அந்த இடங்களை வைத்துத்தான் அணியைத் திரும்பக் கட்டினார். 2019இல் முதல் தேர்வு, பிட்சர் வீசுவதைப் பிடிக்கும் கேட்சர் ரட்ச்மன். அதே டிராஃப்டில் 42வது தேர்வாக அலபாமாவின் செல்மாவிலிருந்து ஹெண்டர்சன். 2020இல் இரண்டாவது தேர்வு ஹெஸ்டன் கெர்ஸ்டாட், 2021இல் ஐந்தாவது தேர்வு கோல்டன் கௌசர், 2022இல் மறுபடியும் முதல் தேர்வு ஹாலிடே. இந்த வரிசையில் ஒரு பிட்சராவது இருக்கிறாரா பாருங்கள். அதற்கப்புறம் 2025 வரைக்கும் எலையஸ் முதல் சுற்றில் எடுத்தவர்களும் பேட்ஸ்மேன்கள்தான். பிட்சரின் தோள்பட்டையும் முழங்கையும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பேட்ஸ்மேனை வளர்த்துக்கொண்டால் பிட்சரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பாதிக் கணக்கு பலித்தது. பையன்கள் வந்தார்கள்.

வந்தார்கள் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. ரட்ச்மன் 2022 மே 21 அன்று ஓரியோல்ஸின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸில் முதல் ஆட்டம் ஆடினார். முதல் பந்து வீசப்படுவதற்கு முன், பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் அருகில் நின்று அரங்கத்தைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அன்றைக்கு அவர் அடித்த முதல் ஹிட், ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை ஓடும் ட்ரிபிள். அவர் வந்தபின் லீக் ஆட்டங்களில் இந்த அணி ஒரு தொடரை முழுதாக இழக்கவே இரண்டு வருடம் ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட தொடர்கள் அப்படிப் போயின. அந்த இரண்டு வருடமும் நீங்களும் உங்கள் மகனும் பார்த்தீர்களே. ஹெண்டர்சன் 2023இல் சிறந்த புதுமுகம் விருதை ஒரு வாக்குகூட மாறாமல் வாங்கினார். அடுத்த வருடம் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நின்றுகொண்டே 37 ஹோம் ரன். இவரையெல்லாம் வைத்துக்கொண்டு ஏமாந்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

மீதிப் பாதிக் கணக்குதான் பொய்த்தது. பிட்சர்கள் கைல் பிராடிஷ், ஜான் மீன்ஸ் இருவருக்கும் 2024இல் முழங்கை அறுவை சிகிச்சை. கடைசி இன்னிங்ஸ் வீசும் ஃபீலிக்ஸ் பௌட்டிஸ்டாவுக்கு அதற்கு முந்தைய வருடமே. கோர்பின் பர்ன்ஸ் ஒரு வருடம் அருமையாக வீசிவிட்டு அரிசோனாவுக்குப் போனார். அவர் இடத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் 41 வயது சார்லி மார்ட்டனையும், ஜப்பானிலிருந்து 35 வயது டொமொயுகி சுகானோவையும் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் மதிப்புக்குரிய ஆட்டக்காரர்கள். ஆனால் ஒரு அணியின் பந்துவீச்சை அவர்கள் தலையில் ஏற்றி வைத்தது நிர்வாகத்தின் தவறு. பழி, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பிராண்டன் ஹைட் மேல் விழுந்தது. 2025 மே மாதம் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். மூன்று இன்னிங்ஸுக்குள் ஆறு ரன் கொடுத்துவிட்டு நிற்கும் அணியில் 21 வயதுப் பையன் எப்படி நிதானமாக பேட் பிடிப்பான்? என் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஸ்டவர்ஸ் விஷயத்தில் மட்டும் நிர்வாகத்தின் பக்கம் பேசுவேன். அவருக்கும் கானர் நார்பிக்கும் பதிலாக வந்த ட்ரெவர் ராஜர்ஸ் 2025இல் 18 ஆட்டங்களைத் தொடங்கி வீசினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரி 1.81 ரன். இரண்டு அணிக்கும் லாபம். அதை விட்டுவிடுங்கள்.

கெர்ஸ்டாட் இருக்கும் இடமே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி என்னைக் கொஞ்சம் வருத்தப்படுத்தியது. தேர்வான சில வாரங்களிலேயே அவருக்கு இதயத் தசையில் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். நாட்டிலேயே இரண்டாவதாகத் தேர்வான 21 வயதுப் பையனை ஓடாதே, எடை தூக்காதே, பேட்டைத் தொடாதே என்று உட்கார வைத்தால் அவன் மனசு என்ன பாடுபடும்! 2021 சீசன் முழுவதும் ஒரு ஆட்டம்கூட இல்லை. அப்புறம் கீழ் லீக்கிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி 2023 செப்டம்பரில் பால்டிமோருக்கு வந்தார். 2024 ஜூலையில் வேகப்பந்து ஒன்று ஹெல்மெட்டில் பட்டு மூளை அதிர்ச்சி. நாளைக்கே அவர் ஆட்டத்தை விட்டுப் போனாலும் நான் அவரை வீணாய்ப் போனவர் என்று சொல்ல மாட்டேன்.

ஹாலிடே கதை வேறு. அவர் அப்பா மேட் ஹாலிடே ஏழு தடவை ஆல் ஸ்டார் ஆனவர். மகனுக்கு 20 வயதில், 2024 ஏப்ரலில், முதல் வாய்ப்பு கிடைத்தது. பத்து ஆட்டங்களில் 34 தடவை பேட் பிடித்து இரண்டே ஹிட். திரும்பக் கீழ் லீக் அணியான நார்ஃபோக்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலை 31 அன்று திரும்பி வந்து அவர் அடித்த முதல் ஹோம் ரன், மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடித்த கிராண்ட் ஸ்லாம். பந்து இருக்கைகளைத் தாண்டி யூட்டா தெருவில் போய் விழுந்தது. அந்தத் தெருவில் பந்து விழுந்த இடங்களில் தரையில் வெண்கலத் தகடு பதித்திருப்பார்கள். அடுத்த தடவை போகும்போது மகனிடம் காட்டுங்கள்.

நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ஐபிஎல்லில் 14 வயதுப் பையன் சதம் அடிப்பதைப் பார்த்துவிட்டு, திறமை இருந்தால் உடனே தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பேஸ்பாலில் அப்படி நடப்பது அபூர்வம். மணிக்கு 97 மைல் வேகத்தில் வரும் பந்தும், அதே கை அசைவில் வந்து கடைசி நேரத்தில் விலகும் பந்தும் வேறு வேறு என்று கண்ணுக்குப் பழகவே ஆயிரம் தடவை பிளேட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. பழகிவிட்டான் என்று நினைக்கும்போது பிட்சர்களும் இவனைப் படித்துவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து.

2025 செப்டம்பர் 6 அன்று நானும் என் மகளும் கேம்டன் யார்ட்ஸில் இருந்தோம். கால் ரிப்கன் 2,131வது ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடி லூ கெரிக்கின் சாதனையை முறியடித்து அன்றைக்குச் சரியாக 30 வருடம். ரிப்கனை அழைத்துக் கௌரவித்தார்கள். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி. அவர்களுக்காக வீசியவர் யோஷினோபு யமமோட்டோ. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரைக்கும் நம் ஆட்களுக்கு ஒரு ஹிட்கூட இல்லை. 3-0. இன்னும் ஒரே ஒருவரை எடுத்தால் நோ-ஹிட்டர். எங்கள் வரிசையிலேயே டாட்ஜர்ஸ் நீலச் சட்டைக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பலாமா என்பதுபோல மனைவியைப் பார்த்தார். என் மகள் நகத்தைக் கடித்தபடி, "அப்பா, யாரு வரா?" என்றாள். நீங்கள் சுமார் என்று எழுதிய ஹாலிடேதான்.

பந்து வலப்பக்கம் எழும்பியது. சுவரில் பட்டுத் திரும்பிவிடும் என்று நினைத்தேன், தாண்டிப் போய்விட்டது. ஒரு விநாடி யாரும் கத்தவில்லை. அப்புறம் கேட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பெரியவர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். யமமோட்டோவை மாற்றினார்கள். ஜெரமையா ஜாக்சன் டபிள், ஹெண்டர்சன் உடம்பில் பந்து பட்டது, நான்கு பந்து வெளியே போனதால் மவுன்ட்காசிலுக்கு முதல் பேஸுக்கு நடக்கும் வாக், ஆகஸ்டில்தான் அணிக்குள் வந்திருந்த டிலன் பீவர்ஸ் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, நிதானமாக நின்று இன்னொரு வாக் வாங்கி ஒரு ரன். எம்மானுவேல் ரிவேரா சிங்கிள், இரண்டு ரன். எல்லாம் இரண்டு அவுட்டுக்கு அப்புறம். 4-3. கடைசி இடத்தில் இருந்த அணிதான், அதனால் என்ன? முந்தின நாள் இரவும் இதே டாட்ஜர்ஸை ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தது 21 வயது சாமுவேல் பசாயோ.

இப்போது ரட்ச்மனுக்கு வருகிறேன். பசாயோவும் கேட்சர்தான். வந்த சில நாட்களிலேயே எட்டு வருடத்துக்கு 67 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அப்புறம் எதற்கு இரண்டு பேர் என்று உங்கள் மகன் கேட்கலாம். 2021 கோடையில் ஒரு சாயங்காலம் மேரிலாந்தின் போவி மைதானத்தில் டபுள்-ஏ என்ற கீழ் லீக் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். வீசியது இளம் பிட்சர் கிரேசன் ராட்ரிகெஸ், பிடித்தது ரட்ச்மன். ராட்ரிகெஸ் தொடர்ந்து நான்கு பந்தை வெளியே போட்டு ஒருவரை நடக்க விட்டார். ரட்ச்மன் முகமூடியைத் தலைமேல் தள்ளிக்கொண்டு மெதுவாக நடந்து போய், கையுறையால் வாயை மறைத்து என்னவோ சொன்னார். ராட்ரிகெஸ் சிரித்தார். அடுத்த ஆள் மூன்றே பந்தில் அவுட். அந்த இன்னிங்ஸ் முடிந்து திரும்பும்போது ரட்ச்மன் பாதி வழியில் காத்திருந்து அவர் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். .220 என்ற எண்ணில் இது எங்கே இருக்கிறது? 2025இல் இரண்டு பக்க விலாத் தசையும் மாறி மாறிக் கிழிந்து அவர் பாதிக்கு மேல்தான் ஆடினார். உடம்பு சரியானால் பேட்டும் திரும்பும் என்று நம்புகிறேன். இளம் பிட்சர்கள் வரும் அணியில் அவரை விற்பது பெரிய தப்பு. பசாயோ வாரத்துக்கு இரண்டு நாள் பிடிக்கட்டும், மற்ற நாள் பேட் மட்டும் பிடிக்கட்டும்.

எனக்குக் கவலை, முதல் பேஸில் நின்ற இளம் ஆட்டக்காரர் கோபி மேயோவைப் பற்றித்தான். பீட் அலன்சோவை ஐந்து வருடத்துக்கு 155 மில்லியன் கொடுத்து முதல் பேஸுக்கு எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு, ஆனால் மேயோ எங்கே நிற்பார்?

ராட்ரிகெஸ் இனி நம் ஆள் இல்லை. காயத்தால் 2025 முழுக்க ஆடாமல் இருந்தவரை நவம்பரில் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து பேட்ஸ்மேன் டெய்லர் வார்டை வாங்கினார்கள். செய்தியைப் பார்த்ததும் அந்தப் போவி சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

கொலம்பியாவிலிருந்து போவி அரை மணி நேரம்தான். அங்கே ஆடும் கீழ் லீக் அணியின் பெயரை இப்போது செசபீக் பேசாக்ஸ் என்று மாற்றியிருக்கிறார்கள், மைதானம் அதேதான். ஏப்ரலில் ஆட்டம் தொடங்கும். மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கேட்சரின் முதுகுக்கு நேராக உட்காருவோம். டிக்கெட் நான் எடுக்கிறேன்.