இடுப்புத்தளத் தசைகளுக்கு இயன்முறை சிகிச்சை எப்படி உதவுகிறது?

இருமும்போது சிறுநீர் கசிவதற்குப் பயிற்சியால் தீர்வு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள், பலருக்கு உண்டு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தூளி போலக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் (ஆண்களுக்கும் இவை உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை) மகப்பேறு, நாள்பட்ட மலச்சிக்கல் போன்றவற்றால் தளரும்போது இக்கசிவு ஏற்படலாம். 1948இல் அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல் விவரித்த, இத்தசைகளைச் சுருக்கும் பயிற்சியே இன்றும் அடிப்படை: வேளைக்கு 8 முறையாவது சுருக்கித் தளர்த்துவதை, நாளுக்கு 3 வேளையாக, குறைந்தது 3 மாதம் தொடர வேண்டும். வயிற்றையோ பிட்டத்தையோ இறுக்குவதுதான் பலர் செய்யும் பிழை. ஆனால் தசைகள் ஏற்கெனவே இறுகி வலி உள்ளவர்களுக்கு இப்பயிற்சி தொல்லையைக் கூட்டக்கூடும் என்பதால், மூச்சுப் பயிற்சியும் தசையைத் தளர்த்தும் முறைகளுமே முதலில் கற்பிக்கப்படுகின்றன. உங்களுடையது இவற்றில் எது என்பதை இயன்முறை மருத்துவர் பரிசோதித்தே சொல்ல முடியும்.