பிரவுசர் தானாக நிரப்புற விவரங்கள்: கேள்வியும் பதிலும்

கேள்வி (வடசேரி): பிரவுசிங் சென்டர்ல வேலைக்கு விண்ணப்பம் போட்டேன் சார். மறுநாள் அதே கம்ப்யூட்டர்ல போன் நம்பர் பெட்டியில 9 தட்டினா என் நம்பர் வருது, கூடவே யார் யாரோ நம்பரும் வருது. செட்டிங்ஸ்ல முகவரிப் பக்கம் பார்த்தேன், காலியா இருக்கு.

பதில்: காலியாத்தான் இருக்கும். குரோம் விவரங்களை ஒரே இடத்துல போடுறதில்லை. பேர், வீட்டு முகவரி, போன் சேர்ந்த தொகுப்பு ஒரு இடம். கார்டு ஒரு இடம். பாஸ்வேர்டு ஒரு இடம். ஒவ்வொரு பெட்டியிலயும் தட்டின உதிரி எழுத்துகள் நாலாவது. இதுக்குன்னு செட்டிங்ஸ்ல பட்டியலே கிடையாது. உங்க நம்பர் கிடக்கிறது இதுலதான்.

உங்க வரியை மட்டும் நீக்க, 9 தட்டுங்க, கீழ் அம்புக்குறியால அந்த வரிக்கு வாங்க, என்டர் அடிக்காம ஷிஃப்ட் + டெலிட் அழுத்துங்க. ஃபயர்பாக்ஸா இருந்தா விண்டோஸ்ல டெலிட் மட்டும் போதும். மேக்ல குரோமுக்கு ஷிஃப்ட் + எஃப்என் + டெலிட்.

மொத்தமா அழிக்க கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டெலிட். ‘ஆட்டோஃபில் ஃபார்ம் டேட்டா’வுக்கு மட்டும் டிக் போட்டு, கால அளவை ‘ஆல் டைம்’ ஆக்குங்க. அந்த அளவு முதல்ல குறுகலாத்தான் நிக்கும். மாத்தாம அழுத்தினா நேத்து தட்டினது அப்படியே இருக்கும். ஆனா இதுல சென்டர்காரர் சேர்த்து வச்சதும் போயிரும், அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க. அடுத்த தடவை வலது மேல் மூலையில இருக்கிற புரொஃபைல் படத்தைத் தொட்டு ‘கெஸ்ட்’ ஜன்னல்ல வேலை பாருங்க. மூடினதும் எல்லாம் போயிரும்.

கேள்வி (தக்கலை): இன்காக்னிட்டோ போதாதா?

பதில்: பாதிதான். புதுசா எதையும் சேர்க்காது. ஆனா ஏற்கெனவே சேமிச்ச முகவரியும் பாஸ்வேர்டும் அதுலயும் எட்டிப் பார்க்கும். அடுத்தவங்க கம்ப்யூட்டர்னா கெஸ்ட்தான்.

கேள்வி (குளச்சல்): அண்ணன் துபாய்ல இருக்கான். அவன் அங்கத்த முகவரி என் போன்ல வருது. அழிச்சா அவனுக்கும் போயிருமா?

பதில்: ரெண்டு பேரும் ஒரே கூகுள் கணக்குல இருக்கீங்க. கணக்குல சேமிச்ச முகவரியை எங்க அழிச்சாலும் எல்லா இடத்துலயும் போகும். அதனால அதைத் தொடாதீங்க. உங்க போன்ல உங்களுக்குன்னு தனிக் கணக்கு போட்டு, குரோம்ல அதுக்கு மாறுங்க. பிறகு பழைய பொதுக் கணக்குல மை அக்கவுண்ட் டாட் கூகுள் டாட் காம் போய், ‘செக்யூரிட்டி’யில ‘யுவர் டிவைசஸ்’ பாருங்க. கைமாறின பழைய போன் ஏதாவது அந்தக் கணக்குல ஒட்டிட்டு இருந்தா அங்கிருந்தே சைன் அவுட் பண்ணிரலாம். கணக்கு பொதுவா இருக்கிற வரைக்கும் முகவரி மட்டுமில்ல, பாஸ்வேர்டும் பொதுதான்.

கேள்வி (களியக்காவிளை): ஆர்டர் போடும்போது பேர் தலைகீழா விழுது. பின்கோடு நம்ம குமரி மாவட்டத்து 629ல தொடங்குது, மாநிலம் மட்டும் கேரளான்னு வருது.

பதில்: ரெண்டும் வேற வேற பிழை. குரோம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பேர்னு எடுத்துக்கும். ‘எஸ். ராஜன்’னு சேமிச்சா, ரெண்டு பெட்டி இருக்கிற தளத்துல முதல் பேர் ‘எஸ்.’, கடைசிப் பேர் ‘ராஜன்’. இனிஷியலைப் பின்னால தள்ளி, புள்ளி இல்லாம ‘ராஜன் எஸ்’னு சேமிங்க. புள்ளியை ஏத்துக்காத தளமும் இருக்கு. சான்றிதழ்ல உள்ளபடி பேர் வேண்டிய விண்ணப்பத்துக்கு மட்டும் கையால தட்டுங்க.

மாநிலம் மாறுறதுக்குக் காரணம், பெரும்பாலும் பாதி திருத்தின பழைய முகவரி. பாறசாலை, திருவனந்தபுரம் பக்கம் என்னைக்கோ கொடுத்த, 695ல தொடங்குற கேரள முகவரியில பின்கோடை மட்டும் மாத்தியிருப்பீங்க. செட்டிங்ஸ், ‘ஆட்டோஃபில் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்’, ‘அட்ரசஸ் அண்ட் மோர்’ போய்ப் பழசை நீக்கிட்டுப் புதுசா போடுங்க. ஒட்டுப்போட்டுத் திருத்தினா இன்னொரு பெட்டியில பல்லைக் காட்டும். விளவங்கோடு மாதிரி தாலுகா பேருக்குத் தனிப் பெட்டி இல்லை. தெரு வரியிலேயே சேர்த்துருங்க.

கேள்வி (நாகர்கோவில்): கார்டை பிரவுசர்ல வைக்கலாமா? கடைத் தளமே ‘சேவ்’ பண்ணவான்னு கேக்குதே?

பதில்: ரெண்டும் ஒண்ணில்ல. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1லிருந்து கடைகள் கார்டு எண்ணை வச்சுக்க முடியாது. அதுக்குப் பதிலா டோக்கன்னு ஒரு மாற்று எண்ணைத்தான் வைக்கும். பிரவுசர்ல வைக்கிறது கார்டு எண்ணேதான். அதனால ரெண்டுல ஒண்ணுன்னா டோக்கன் மேல். பிரவுசர்லதான் வைப்பேன்னா ‘பேமென்ட் மெத்தட்ஸ்’ல சிவிவி சேமிக்கிற சுவிட்சை அணைச்சிருங்க. கூகுள் கணக்குக்குப் போன கார்டை பே டாட் கூகுள் டாட் காம்ல நீக்கணும்.

கேள்வி (மார்த்தாண்டம்): எல்லாம் அழிச்சாச்சு. ஆனாலும் போன்ல பழைய நம்பர் வருது.

பதில்: எங்க வருதுன்னு பாருங்க. பெட்டியைத் தொடுறதுக்கு முன்னாலயே நிரம்பியிருந்தா அந்தத் தளத்துல உங்க கணக்குல கிடக்குது, அங்கதான் மாத்தணும். கீபோர்டு மேல் பட்டையில வந்தா, ஜிபோர்டு (கூகுளோட கீபோர்டு) பழகின சொல்லாவோ போனோட ஆட்டோஃபில் சர்வீஸாவோ இருக்கும். ஜிபோர்டுன்னா அதோட செட்டிங்ஸ்ல பிரைவசி போய், கத்துக்கிட்ட சொற்களை அழிக்கணும். இன்னொண்ணு: குரோம்ல ‘சேவ் அண்ட் ஃபில் அட்ரசஸ்’ சுவிட்சை அணைச்சா காட்டுறது நிக்குமே தவிர, உள்ள இருக்கிறது அழியாது. மறுபடி போட்டா எல்லாம் திரும்ப வரும்.

கேள்வி (கன்னியாகுமரி): பேரும் மெயிலும் மட்டும் கேக்கிற பக்கத்துல நிரப்பவிட்டா, வேற விவரம் போக வாய்ப்பிருக்கா?

பதில்: இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளைத் திரைக்கு வெளியே ஒளிச்சு வச்சு, முகவரியையும் போனையும் உறிஞ்சலாம்னு பின்லாந்து நிரலர் ஒருத்தர் 2017ல செய்து காட்டினார். தெரியாத தளத்துல, பரிந்துரையைத் தொடாம ரெண்டு வரியைக் கையால தட்டிருங்க. அதுக்கு ஆகிறது பத்து விநாடி.