கெண்டைக்கால் பிடித்தால் புது ஃபின்ஸ் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்க வேண்டுமா?

கேள்வி: நிலாவெளியில் சுழியோடப் பழகி, அடிப்படைச் சான்றிதழும் எடுத்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் சுழியோட்டம் முடியும் தறுவாயில் வலது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர், “வாடகை ஃபின்ஸ்தான் பிரச்சினை. நீளமான, விறைப்பான இதை எடுங்கோ, ஒரு உதைக்கே பறப்பீங்கள்” என்கிறார். கூடச் சுழியோடும் அண்ணா மக்னீசியம் குளிசை போடச் சொல்கிறார். இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்கக் கையில் காசில்லை. எதை வாங்க?
– வாசகி, உப்புவெளி

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். முக்கியமாக அந்த விறைப்பான ஃபின்ஸைத் தொடவே வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. பழகிய, பலமான காலுக்கு அது வேகம் தரும். உங்கள் காலுக்கு வருத்தத்தைத்தான் கூட்டும்.

ஃபின்ஸ் போட்டு நீந்தும்போது பாதத்தைப் பின்னுக்கு நீட்டி வைத்திருக்கிறோம். அப்போதே கெண்டைச் சதை சுருங்கிய நிலையில்தான் இருக்கிறது. அந்த நிலையில் அதை மேலும் மேலும் இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். விடியப்புறம் படுக்கையில் காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும்போது சட்டென்று பிடிப்பதும் இதனால்தான். ஃபின்ஸின் தட்டு நீளமாகவும் விறைப்பாகவும் இருக்க இருக்க, ஒவ்வொரு உதைக்கும் கணுக்காலில் விழும் பாரம் கூடும். அதைத் தாங்குவது இதே சதை. முடியும் தறுவாயில்தான் பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் சதை களைத்துப்போவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அது ஏன் களைக்கிறது என்று பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. முதலில் இடுப்பில் கட்டும் ஈயத்தைப் பாருங்கள். பழகுபவர் மேலே கிளம்பிவிடாமல் இருக்க, பயிற்றுநர்கள் கொஞ்சம் கூடவே கட்டிவிடுவதுண்டு. சான்றிதழ் எடுத்த பிறகும் அதே கணக்கில் கட்டினால் இடுப்பு தாழும், கால் தொங்கும், உடம்பு சரிந்து நிற்கும். நீங்கள் உதைப்பதில் பாதி, தாழாமல் இருப்பதற்கே செலவாகிவிடும். அடுத்த முறை கரையேற முன், சிலிண்டரின் அமுக்கமானியில் 50 பார் அளவு காற்று மிஞ்சியிருக்கும்போது, ஆழமில்லாத இடத்தில், துணை பக்கத்தில் நிற்க இதைச் செய்து பாருங்கள். பிசிடியில் (காற்றேற்றி மிதக்க உதவும் மேலங்கி) உள்ள காற்றை முழுவதும் விடுங்கள். சாதாரணமாக ஒரு மூச்சு எடுத்து அடக்கிக்கொண்டு, கால் தரையில் படாமல், காலை ஆட்டாமல் நிமிர்ந்து மிதந்து நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெதுவாகத் தாழ வேண்டும். மூச்சை அடக்கியிருக்கும்போதே தாழ்ந்தால் ஈயம் கூட என்று அர்த்தம். ஒரு கிலோவைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். நிறைந்த சிலிண்டரோடு பார்ப்பதானால் கணக்கு மாறும், ஏனென்றால் வழமையான சிலிண்டரில் அடைத்திருக்கும் காற்றே இரண்டு கிலோவுக்கு மேல் வரும். சுழியோட்டத்தின் முடிவில் அந்தப் பாரம் இருக்காது.

பிறகு உதைக்கும் முறை. கூட வருபவரிடம் கமராவைக் கொடுத்து, பக்கவாட்டில் இருந்து ஒரு நிமிடம் உங்களைப் படமெடுக்கச் சொல்லுங்கள். முழங்கால் வயிற்றுப்பக்கம் மடிந்து மடிந்து போனால் நீங்கள் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்கிறீர்கள். கால் களைக்கும், ஆள் நகரமாட்டார். உதை இடுப்பில் இருந்து வர வேண்டும். முழங்கால் லேசாக மடிந்தால் போதும், கணுக்கால் தளர்வாக இருக்கட்டும். இரண்டு மூன்று உதை, பிறகு காலை நிறுத்தி வழுக்கிப் போக விடுங்கள். வேகத்தை இரட்டித்தால் தண்ணீரின் எதிர்ப்பு நாலு மடங்காகும். புறாத்தீவுப் பவளப்பாறையில் மீன் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு அந்த ஓட்டம்? வழிகாட்டி முன்னால் பறந்தால், மெதுவாகப் போகும்படி வள்ளத்தில் ஏற முன்னமே சொல்லிவிடுங்கள். காசு கட்டியது நீங்கள்.

தவளை உதையையும் பழகுங்கள். காலை அகட்டி, உள்ளங்காலால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளிச் சேர்க்கும் உதை அது. வேலை தொடைக்கும் இடுப்புக்கும் போவதால் கெண்டைக்கால் ஆறும், மணல் கிளம்பாது, பவளமும் உடையாது. முழங்கால் நோ உள்ளவர்கள் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். அந்த உதை முழங்காலைத் திருகும்.

குளிசை விடயத்துக்கு வருகிறேன். தசைப்பிடிப்புக்கு மக்னீசியம் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் கொக்ரேன் அமைப்பு தொகுத்து 2020இல் வெளியிட்டது. வயதானவர்களின் தசைப்பிடிப்பைக்கூட மக்னீசியம் சொல்லும்படியாகத் தடுப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கு ஆதாரம் இன்னும் குறைவு. இளநீர் குடியுங்கள், வாழைப்பழம் சாப்பிடுங்கள், ஆனால் மருந்தென்று நம்பி வேண்டாம். கச்சான் காற்று வீசும் நாட்களில் வள்ளத்தில் ஏற முன்னமே உடம்பு வறண்டுவிடும் என்பதால் காலையில் இருந்தே தண்ணீர் குடித்துவருவது நல்லது. சலம் போக்கும் குளிசையோ கொலஸ்ட்ரோல் குளிசையோ எடுப்பவர்கள், கால் பிடிக்கிறது என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவையும் காரணமாகலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சொந்த ஃபின்ஸ் வேண்டும் என்றால் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தண்ணீருக்குள் நம் காலுக்கென்று இருக்கும் பொருள் சொந்தமாக இருப்பது நல்லதுதான். குதிக்கால் திறந்த வகையும், அதற்கான பூட்ஸும் எடுங்கள். நடுத்தர நீளம், கையால் வளைத்தால் இலகுவில் வளையும் தட்டு. தட்டு இரண்டாகப் பிளந்த வகை காலுக்கு இதம், ஆனால் தவளை உதைக்கு உதவாது. கடையில் கதிரையில் இருந்து, பூட்ஸைப் போட்டு, அதன் மேல் ஃபின்ஸைப் போடுங்கள். வெறுங்காலில் போட்டுப் பார்த்து வாங்குவது வீண்வேலை. பட்டியை இறுக்காமலே பாதம் உள்ளே போய் நிற்க வேண்டும். காலைத் தூக்கி உதறுங்கள். பக்கவாட்டில் ஆடினால் பெரிது. விரல்கள் முன்னால் முட்டி மடிந்தாலோ, பாதத்தின் மேற்புறத்தை அழுத்தினாலோ சிறிது. அப்படியே ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முடிந்தால் அதே மாதிரியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

தண்ணீருக்குள் பிடித்தால், உதைப்பதை உடனே நிறுத்துங்கள். கைவிரல்களை மூடி மூடித் திறந்து துணைக்குச் சைகை காட்டுங்கள். ஃபின்ஸின் நுனியைக் கையால் பிடித்து, முழங்காலை நீட்டியபடி உங்கள் பக்கம் இழுங்கள். சுருங்கிய சதை நீளும்போது பிடிப்பு விடும். கை எட்டாவிட்டால் துணை நுனியைத் தள்ளிப் பிடிக்கலாம். கடல் மட்டத்தில் பிடித்தால் முதலில் பிசிடியில் காற்றேற்றுங்கள், காலைப் பிறகு பார்க்கலாம். விட்ட பிறகு உடனே பழைய வேகத்தில் உதைத்தால் திரும்பப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். கரையேறிய பிறகு தொடங்கும் மூட்டு வலி, விறைப்பு, கூச்சம், மரத்துப்போதல் எல்லாவற்றையும் ‘பிடிப்பு’ என்று தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது அமுக்க மாற்றத்தால் வரும் நோயாக இருக்கலாம். ஒட்சிசன் கொடுத்து உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தாலும் அப்படியே.

கேள்வி: புதிதாக வாங்கிய ஃபின்ஸின் பட்டிக் கொக்கி முதல் நாளே உடைந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனால், “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டுகிறார்கள். பற்றுச்சீட்டும் தரவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: முடியும். சுவரில் எதை ஒட்டினாலும் சட்டம் மாறாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. திகதி, அளவு, விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். தரம் குறைந்த பொருள் பற்றி அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று கடைக்காரர் இழுப்பதில் அந்தக் காலம் ஓடிவிடும், கவனம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

அதற்கு முன் ஒருமுறை நயமாகக் கேட்டுப் பாருங்கள். முழுக் காசையும் கேட்காமல், கொக்கியை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் பல கடைகள் இறங்கிவரும். உடைந்த கொக்கியையும், பெட்டியில் உள்ள மாதிரி இலக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கைபேசியில் காசு அனுப்பியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்க வேண்டாம், அதுவும் சான்றுதான். கொக்கியைப் பசை போட்டு ஒட்டித் திரும்பக் கடலுக்குள் கொண்டுபோக மட்டும் வேண்டாம். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையடியில் நீரோட்டம் இருக்கும் நேரம் ஒரு ஃபின் கழன்று போனால், மிச்சம் உள்ள காலுக்கு என்ன நடக்கும் என்று மேலே வாசித்திருப்பீர்கள்.

கொக்கியே இல்லாத, சுருள்கம்பி வைத்த பட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. விலை கூடத்தான், ஆனால் றப்பர்ப் பட்டி வெயிலில் வெடிப்பதைப்போல இவை சீக்கிரம் போகாது. உங்கள் ஃபின்ஸில் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்குப் பன்னிரண்டு வயது. கால் வளரும்தானே என்று இரண்டு சைஸ் பெரிதாக ஃபின்ஸ் எடுக்கலாமா?
– தாய், நிலாவெளி

பதில்: சப்பாத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது. பெரிதாக இருந்தால் ஃபின்ஸ் கழராமல் இருக்கப் பிள்ளை கால்விரல்களை மடக்கி மடக்கிப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும், குதிக்காலும் உரசிக் கொப்புளம் போடும். அரை சைஸ் வித்தியாசம் என்றால் ஒரு நீச்சல் சாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டு சைஸை முடியாது. கால் வளர்ந்து முடியும் வரை வாடகைக்கு எடுங்கள், அல்லது பட்டியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய குட்டையான ஃபின்ஸ் ஒன்று வாங்குங்கள். வாடகைக்கு எடுக்கும்போது இடதும் வலதும் ஒரே சைஸ்தானா என்று புரட்டிப் பாருங்கள். கூடைக்குள் கலந்து கிடப்பதை அவசரத்தில் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள்.