ஒரே நாளில் மாலம்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் என்னோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு 66 வயது, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கும். மே மாதத்தில் ஒருநாள் யார்க்‌ஷயர் டேல்ஸில் உள்ள மாலம் கிராமத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கார் கிடையாது. எவற்றைப் பார்க்கலாம்?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், ஆனால் பலரும் நடக்கும் சுமார் 8 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை முழுவதும் முடித்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். லீட்ஸிலிருந்து ஸ்கிப்டன் வரை ரயிலில் செல்லலாம். அங்கிருந்து மாலத்துக்குப் பேருந்துகள் மிகக் குறைவு என்பதால், திரும்பி வரும் பேருந்தின் நேரத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு மற்றவற்றைத் திட்டமிடுங்கள். பேருந்தே இல்லாத நாளென்றால் ஸ்கிப்டனிலேயே டாக்சி பேசிவிடுவது நல்லது.

முதலில் மாலம் கோவ். ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கும் இந்தச் சுண்ணாம்புப் பாறைச் சுவரின் அடிவாரத்துக்குக் கிராமத்திலிருந்து பெரும்பாலும் சமதளமான பாதை செல்கிறது. பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் இதன்மேல் அருவியாகக் கொட்டியது. இன்றோ, 2015 டிசம்பர் புயல்மழையில் சில மணி நேரம் விழுந்ததைத் தவிர, சுவர் வறண்டே நிற்கிறது. அடியில் கசிந்து வரும் ஓடை, மேலே மாலம் ஏரிக்கு அருகில் நிலத்துக்குள் மறையும் நீர்தான் என்று தோன்றும். ஆனால் சாயம் கலந்து சோதித்தபோது, மேலே மறையும் அந்த நீர் கிராமத்துக்குத் தெற்கே வெளிவருவது தெரிந்தது. பாறைக்குள் ஓடும் இந்த மறைவழிகளை எண்ணிப் பார்ப்பதற்காகவே அங்கே அரைமணி நேரம் உட்காரலாம். வல்லூறுகள் கூடு கட்டும் பருவம் என்பதால் பைனாகுலரும் எடுத்துச் செல்லுங்கள்.

உச்சிக்குச் சுமார் 400 படிகள். அங்கே மழைநீர் அரித்த பாறைத்தளத்தில் ஆழமான பிளவுகள் உண்டு. அவற்றுக்குள் எட்டிப் பார்த்தால் நிழலில் பெரணிகள் பச்சையாக முளைத்திருக்கும். ஆயினும் படிகளை ஏறுவதைவிட இறங்குவது அம்மாவின் முழங்காலுக்குக் கடினம்; அந்தப் பிளவுகளில் கால் சிக்கினால் ஆபத்தும் கூட. அவரை மேலே அழைத்துச் செல்ல வேண்டாம்.

மதியத்துக்கு மேல் ஜேனட்ஸ் ஃபாஸ் அருவிக்குச் செல்லுங்கள். கிராமத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுதான். மே மாதத்தில் அந்த மரச்சோலை முழுவதும் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்து மணக்கும். சோலைக்குள் வேர்களும் கற்களும் இருப்பதால் கைத்தடி அவசியம். கால் ஒத்துழைத்தால் மட்டும் கோர்டேல் ஸ்கார் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கின் வாயில்வரை நடந்து, அதற்குள் இருக்கும் அருவிக்கு முன்பே திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் ஈரப்பாறையைக் கையால் பற்றி ஏற வேண்டியிருக்கும்.